குறி போட்டாலும் ரெண்டு வருஷம், அழிச்சாலும் ரெண்டு வருஷம்

இந்த எபிசோட் ஒரு பேனாவைப் பத்தி. ஆனா ரெண்டு சட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் சட்டம், 1927-ல வந்த இந்திய வனச் சட்டம். அதோட 63-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரு மரத்து மேலயோ வெட்டின கட்டை மேலயோ வன அதிகாரி போட்ட குறியை, ஆதாயத்துக்காகவோ அடுத்தவங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னோ யாராவது அழிச்சா, மாத்தினா, இல்ல அதே மாதிரி போலிக் குறி போட்டா, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ரெண்டாவது, 1958-ஆம் வருஷத்துத் தொல்லியல் சின்னங்கள் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா, அதாவது அதுல பேர் எழுதிக் கெடுத்தாலும் சரி, 2010 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டுமே.

ஒரு இடத்துல குறியை அழிச்சா குற்றம். இன்னொரு இடத்துல குறி போட்டாலே குற்றம். தண்டனைக் காலம் மட்டும் ஒண்ணு. நம்ம ஜவ்வாது மலையில இந்த ரெண்டு வகைப் பரப்பும் இருக்கு. கூடவே மூணாவதா ஒண்ணும் இருக்கு, கண்ணாடி. அதுக்குச் சட்டமே கிடையாது. அதனால இந்தக் கதையை அந்த மலையில வெச்சு சொல்றேன்.

முதல்ல பேனா. கடையில "பெயின்ட் மார்க்கர்"னு கேட்டா குடுப்பாங்களே, குலுக்கினா உள்ள 'டக் டக்'னு சத்தம் கேக்குமே, அது. சாதாரண பெர்மனென்ட் மார்க்கருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பெர்மனென்ட் மார்க்கர்ல பெரும்பாலும் இருக்கிறது சாயம். சாயம் திரவத்துல முழுசா கரைஞ்சிடும், சர்க்கரை தண்ணியில கரையிற மாதிரி. பெயின்ட் மார்க்கர்ல இருக்கிறது நிறமித் தூள். வெள்ளை மார்க்கர்னா டைட்டானியம் டை ஆக்சைடு. அது கரையாது, மிதக்கும். கொஞ்ச நேரம் சும்மா வெச்சா அடியில தங்கிடும். நீர்மோர் மாதிரி, ஆத்தித்தான் குடிக்கணும். அந்த 'டக் டக்' சத்தம் கலக்குறதுக்காக உள்ள போட்ட குண்டு. முனையை அழுத்தினா ஒரு வால்வு திறக்கும், பெயின்ட் இறங்கும்.

சாயத்துக்கு ஊடுருவிப் பாக்கிற தன்மை உண்டு. கறுப்புக் காகிதத்துல மஞ்சள் சாய மார்க்கர்ல எழுதிப் பாருங்க, ஒண்ணும் தெரியாது. நிறமி ஒளியை மறைச்சுத் திருப்பி அனுப்பும். அதனாலதான் கறுப்பு டயர்ல வெள்ளைப் பெயின்ட் மார்க்கர் பளிச்சுனு தெரியுது. நிறமியோட ஒரு பிசின் இருக்கும். கரைப்பான் ஆவியாப் போனதும் அந்தப் பிசின் ஒரு மெல்லிய தோல் மாதிரி மேல படிஞ்சிடும். சாயம் பரப்புக்குள்ள போய் உக்காரும், பெயின்ட் பரப்பு மேல உக்காரும். இந்த எபிசோடுக்கு இந்த ஒரு வரி போதும்.

வரலாறு ரொம்பப் பழசு இல்ல. 1953 வாக்குல அமெரிக்காவுல சிட்னி ரோசன்தால் ஒரு குட்டிக் கண்ணாடிப் பாட்டில்ல மையை நிரப்பி, கம்பளித் திரி வெச்சு 'மேஜிக் மார்க்கர்'னு வித்தார். பெயின்டைப் பேனாவுக்குள்ள அடைக்கிறது அதைவிடக் கஷ்டம். அடிக்கடி முனை அடைச்சுக்கும். ஆரம்பத்துல வந்த பெயின்ட் மார்க்கர்கள்ல சைலீன் மாதிரிக் கரைப்பான், நாத்தம் மண்டையைப் பிளக்கும். 1983-ல ஜப்பானோட மிட்சுபிஷி பென்சில் கம்பெனி 'போஸ்கா'ன்னு தண்ணியில கரைச்ச பெயின்ட் மார்க்கரைக் கொண்டுவந்துச்சு. (அந்த மிட்சுபிஷி வேற, கார் மிட்சுபிஷி வேற. சம்பந்தமே இல்ல. பேர் மட்டும் ஒண்ணு.) இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் படம் வரையிறாங்களே, அது பெரும்பாலும் இந்த வகைதான்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஐடி. படிச்சதுக்கு ஒரு மரியாதை செஞ்சுக்கிறேன், ஒரு சின்னத் தகவல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் மேல கண்ட மார்க்கர்ல எழுதக் கூடாது. மையில குளோரைடு இருந்தா, சூடும் இழுவிசையும் சேர்ற இடத்துல உலோகத்துல நுண்ணிய விரிசல் விழும். அதனால அணு உலைக்கும் பாய்லருக்கும் போற குழாய்ல எழுத, குளோரைடு அளவு குறைவுன்னு சான்றிதழோட வர்ற தனிப் பெயின்ட் மார்க்கர் இருக்கு. பேர் எழுதப் போய்ப் பொருளையே உடைக்கிற ஆபத்து. இது ஸ்டீலுக்கு மட்டும் இல்ல, கல்லுக்கும் உண்டு.

சரி, மலைக்கு வருவோம். ஜவ்வாது மலை இப்போ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்கு. தென்மேற்குல இறங்கினா செங்கம். அந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. மாட்டு மந்தையைக் கவர வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு ஊர்க்காரங்க நட்ட கல். வில்லும் வாளுமா ஒரு உருவம், அதுக்கு மேல வட்டெழுத்துல நாலஞ்சு வரி. பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துலேர்ந்து கிடைச்சிருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை இதையெல்லாம் தேடிப் படிச்சு, இரா. நாகசாமி பதிப்பாசிரியரா இருந்து, 1972-ல 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமாவே போட்டுச்சு.

அதுல எனக்குப் பிடிச்சது எடத்தனூர்க் கல். கருந்தேவக்கத்திங்கிற வீரன் இறந்துட்டான். அவனோட நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சு, பக்கத்துலயே காவல் நின்னுச்சு. நாய்க்கும் கல்லுல இடம் குடுத்து, அதோட பேரையும் வெட்டி வெச்சிருக்காங்க. கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு அப்புறமும் ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுதுன்னா, அது மையால இல்ல. அங்க எதையும் மேல பூசல, இருந்த கல்லை எடுத்துட்டாங்க. எழுத்துங்கிறது அங்க ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்தைப் படிக்கிற முறையும் அழகு. கல்லை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால அடிச்சு அடிச்சுப் பள்ளத்துக்குள்ள இறக்குவாங்க. அப்புறம் ஒரு துணிப் பொதியில மை தொட்டுக் காகிதத்து மேல ஒத்துவாங்க. மேடான இடம் கறுக்கும், பள்ளமான எழுத்து வெள்ளையா நிக்கும். இதுக்குப் பேர் மைப்படி. மை காகிதத்தோட நின்னுடும், கல்லைத் தொடாது. கல்வெட்டு ஆளுங்க காட்டுற இந்த ஒழுக்கம்தான் பெயின்ட் மார்க்கரோட வர்றவங்களுக்குச் சுத்தமா எதிர்.

மலைமேல ஜமுனாமரத்தூர் போற வழியில பாறைகள்ல பேர்களைப் பாத்திருக்கேன். இதயம், அம்பு, ரெண்டு இனிஷியல், வருஷம். நீங்களும் பாத்திருப்பீங்க. நம்மாளுங்க நினைக்கிறது, பாறைதானே, மழையில போயிடும்னு. போகாது. கல்லுக்கு நுண்துளை உண்டு. பிசின் அந்தத் துளைக்குள்ள பல் மாதிரி இறங்கிப் பிடிச்சுக்கும். சரி, தின்னர் ஊத்தித் துடைப்போம்னா இன்னும் மோசம். தின்னர் பெயின்டைக் கரைச்சு இன்னும் ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போகும். கம்பி பிரஷ் போட்டா கல்லோட மேல்தோல் வரும், அந்த மேல்தோல்லதான் பழைய எழுத்தும் இருக்கும். கண்ணாடியில இருக்கிற பெயின்டை பிளேடால சுரண்டிடலாம். கல்லுல அதே பெயின்ட் கல்லோட பாகம். பேனா ஒண்ணு, பரப்பு மாறினா நியாயமும் மாறிடுது.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. இந்த நடுகற்கள் பலதை ஊர்க்காரங்க வேடியப்பன்னு சாமியாக் கும்பிடுறாங்க. எண்ணெய் ஊத்துவாங்க, மஞ்சள் பூசுவாங்க, சில இடத்துல எனாமல் பெயின்டே அடிச்சிருப்பாங்க. எழுத்து மூடிப்போகும், ஆராய்ச்சியாளருக்கு வயித்தெரிச்சல். ஆனா அந்தக் கல்லு இத்தனை நூற்றாண்டா யாரோட வீட்டுப் படிக்கட்டாவும் போகாம நின்னதுக்குக் காரணமும் அந்த எண்ணெயும் மஞ்சளும்தான். காதலர் இதயத்தையும் வேடியப்பன் பெயின்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரல. வேதியியல் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அது வேற விஷயம்.

இப்போ கண்ணாடி. வாணியம்பாடியிலேர்ந்து ஆலங்காயம் வழியா ஏறினா காவலூர். வைணு பாப்பு 1960-களோட கடைசியில, ஊர் வெளிச்சம் எட்டாத இடமாத் தேடி, சந்தன மரக் காட்டுக்கு நடுவுல இந்த வானாய்வகத்தை ஆரம்பிச்சார். 1968-ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, 1972-ல ஒரு மீட்டர், 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து அர்ப்பணிச்ச 2.34 மீட்டர். அதுக்குள்ள பாப்பு இறந்துட்டார், 1982-ல. அவர் பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க.

சிசிடி கேமரா வர்றதுக்கு முன்னாடி உலகம் முழுக்க வானத்தைப் படம் பிடிச்சது கண்ணாடித் தகட்டுல. ஒரு பக்கம் ரசாயனப் பூச்சு, இன்னொரு பக்கம் வெறும் கண்ணாடி. நெகட்டிவ்ங்கிறதால வானம் வெள்ளையா, நட்சத்திரம் கறுப்புப் புள்ளியா இருக்கும். வேற வேற நேரத்துல எடுத்த படங்களை ஒப்பிட்டு எந்தப் புள்ளி நகர்ந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி காவலூர் ஷ்மிட் தொலைநோக்கியில ஆர். ராஜமோகன் குழு அப்படி ஒரு சிறுகோளைப் பிடிச்சாங்க. அதுக்கு 4130 ராமானுஜன்னு பேர்.

லட்சம் புள்ளியில ஒண்ணைக் கண்டுபிடிச்சா அடுத்து என்ன பண்ணுவீங்க? சுத்தி ஒரு வட்டம் போடுவீங்க. எல்லா நாட்டு வானியலாளரும் அதைத்தான் செஞ்சாங்க. மையால, வெறும் கண்ணாடிப் பக்கத்துல. பூச்சுப் பக்கம் தொட்டா நட்சத்திரமே போயிடும். கண்ணாடிக்கு ஒரு தடிமன் இருக்கிறதால சாய்வாப் பாத்தா வட்டம் ஒரு இடத்துலயும் நட்சத்திரம் இன்னொரு இடத்துலயும் தெரியும், அதனால நேராக் குனிஞ்சு பாத்துப் போடணும்.

இந்த வட்டங்களுக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் எனக்கு இந்த எபிசோடைப் பண்ணணும்னு தோணவெச்சது. அமெரிக்காவுல ஹார்வர்டு வானாய்வகத்துல இந்த மாதிரித் தகடு அஞ்சு லட்சத்துக்கும் மேல. அதைப் பாத்து அளந்தது 'கம்ப்யூட்டர்'னு அழைக்கப்பட்ட பெண்கள். ஆமா, அப்போ கம்ப்யூட்டர்னா மனுஷங்க. ஹென்ரியட்டா லெவிட் மெகல்லன் மேகங்கள்ல 1,777 மாறும் நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டு 1908-ல வெளியிட்டாங்க. அண்டத்தோட தூரத்தை அளக்கிற அளவுகோலே அந்த வேலையிலேர்ந்துதான் வந்துச்சு. கண்ணாடி மேல அம்புக்குறி, எண், வட்டம்னு பல நிறத்துல அவங்க கைப்பட எழுதினது இருந்துச்சு.

2000-களுக்கு அப்புறம் 'டாஷ்'ங்கிற திட்டத்துல அந்தத் தகடுகளை ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சாங்க. ஸ்கேனருக்கு அந்த மை ஒரு இடைஞ்சல். மைக்கு அடியில இருக்கிற நட்சத்திரம் தெரியாது. அதனால தகட்டை முதல்ல எழுத்தோட போட்டோ எடுத்துட்டு, எழுத்தை அழிச்சுச் சுத்தம் பண்ணி, அப்புறம் ஸ்கேன் பண்ணாங்க. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள்.

நம்ம பாஷையில சொன்னா, கமிட் பண்ணிட்டுத்தான் டெலீட் பண்ணிருக்காங்க. ஹிஸ்டரி பத்திரமா இருக்கு. இன்ஜினியரா எனக்கு அதுல குறை சொல்லத் தெரியல. நூறு வருஷ வானம் இப்போ யாரும் டவுன்லோடு பண்ற டேட்டா. வரலாறு படிக்கிறவனா மட்டும் உறுத்துது. ஒரு பொண்ணு குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு, சரியான இடத்துல போட்ட வட்டம் எப்படி அழுக்குக் கணக்குல சேர்ந்துச்சு? நம்ம கொடைக்கானல் ஆய்வகத்துலயும் 1900-களோட ஆரம்பத்துலேர்ந்து எடுத்த சூரியத் தகடுகள் இருக்கு, அதையும் டிஜிட்டல் பண்ணிருக்காங்க. இந்தக் கேள்வி இந்த மாதிரிச் சேகரிப்பு இருக்கிற எந்த ஊருக்கும் வரும்.

கடைசிப் பரப்பு, மரம். இதுக்கு முன்னாடி ஒரு சின்ன டைவர்ஷன், டீம் அவுட்டிங்ல பெயின்ட்பால் விளையாடினவங்களுக்காக. அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்காக வந்தது இல்ல. அமெரிக்காவுல நெல்சன்னு ஒரு பெயின்ட் கம்பெனி வனத்துறைக்கு மரக்குறிப் பெயின்ட் வித்துச்சு. புதருக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரத்துல எப்படிக் குறி போடுறது? மருந்து கேப்ஸ்யூல் மாதிரி ஜெலட்டின் உறையில பெயின்டை அடைச்சுத் துப்பாக்கியில சுட்டாங்க. 'நெல்ஸ்பாட் 007'. 1981 ஜூன்ல நியூ ஹாம்ஷயர்ல 12 பேர் அதே துப்பாக்கியை எடுத்துட்டுக் காட்டுக்குள்ள ஒருத்தரையொருத்தர் சுட்டு விளையாடினாங்க. மரத்துக்கு வந்த குறி மனுஷன் மேல விழுந்தது அப்படித்தான். அவங்களுக்கு அது விளையாட்டு.

ஜவ்வாது மலைன்னா வனத்துறைக்கு முதல்ல சந்தனம். கீழ திருப்பத்தூர்ல அரசு சந்தனக் கிடங்கு, அங்க ஏலம் நடக்கும்போது வெளியூர் வியாபாரிங்க வந்து இறங்குவாங்க. தனியார் நிலத்துல முளைச்ச சந்தன மரமே ரொம்ப காலம் அரசுக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. மலையில வாழ்ற மலையாளிப் பழங்குடி மக்கள் அந்த மரத்துக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தும், அது அவங்களுது இல்ல. யாருதுன்னு சொல்றது அந்தக் குறி.

மரத்துல குறி போடுறது ஒரு வித்தை. பட்டை மேல பெயின்ட் அடிச்சா மரம் வளரவளரப் பட்டை வெடிச்சு உதிரும், குறியும் போகும். அதனால பட்டையைச் செதுக்கி, உள்ள தெரியிற கட்டையில முத்திரைச் சுத்தியலால அடிப்பாங்க. வெட்டப்போற மரத்துக்கு ரெண்டு இடத்துல குறி. ஒண்ணு நெஞ்சு உயரத்துல, இன்னொண்ணு அடியில. மரம் லாரியில ஏறிப் போனப்புறமும் அடிக்கட்டையில அந்தக் குறி நிக்கும், இது அனுமதியோட வெட்டினதுன்னு சொல்ல. டேட்டாபேஸ் ஆளுங்களுக்குப் புரியும், ரெண்டு டேபிள்லயும் ஒரே கீ இருக்கணும். சந்தனத்துல இன்னும் ஒரு தொல்லை. வேர்லயும் எண்ணெய் இருக்கிறதால மரத்தை வேரோட தோண்டுவாங்க. வெளிப்பக்க வெள்ளைக் கட்டைக்கு வாசனை இல்ல, அதைச் செதுக்கித் தள்ளிடுவாங்க. மேல போட்ட எண்ணும் அதோட போயிடும். அதனால செதுக்கச் செதுக்க ஒவ்வொரு துண்டுலயும் எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதணும். மரத்துலேர்ந்து ஏலம் வரைக்கும் அந்தச் சங்கிலி அறுந்தா, அறுந்த இடத்துல திருட்டு நுழையும்.

பிடிபட்ட கட்டைக்கும் அதே கதைதான். பறிமுதல் பண்ணினதும் எண் போட்டாகணும், அது வழக்குச் சொத்து. ஈரமும் தூசியுமா இருக்கிற வெட்டுமுகத்துல சாயம் ஊறிப் பரவி மங்கிடும், பெயின்ட் நிக்கும்.

2015 ஏப்ரல் 7. ஆந்திராவோட சேஷாசலம் காட்டுல 20 பேரை அந்த மாநிலத்துப் போலீசோட செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்னுச்சு. 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிங்க. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரங்க. ஜவ்வாது மலைக் கிராமங்களைச் சேர்ந்தவங்களும் அதுல இருந்தாங்க. நூறு பேருக்கு மேல கோடாலியும் கல்லுமாத் தாக்க வந்தாங்க, தற்காப்புக்குச் சுட்டோம்னு போலீஸ் சொல்லுச்சு. முன்கூட்டியே பிடிச்சுட்டுப் போய்ச் சுட்டதா மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டுனாங்க. தேசிய மனித உரிமை ஆணையம் தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு.

உடல்களுக்குப் பக்கத்துல செம்மரக் கட்டைகள் கிடந்துச்சு. அதுல சில கட்டைகள்ல பெயின்ட் குறி இருந்துச்சுன்னு அப்பவே கேள்வி எழுப்பினாங்க. யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ராத்திரி திருட்டுத்தனமா வெட்டின கட்டையில யார் உக்காந்து பெயின்ட்ல குறி போட்டிருப்பாங்க? குறி இருந்தா அது ஏற்கெனவே பிடிபட்டு, எண் போட்டு, எங்கேயோ அடுக்கி வெச்ச கட்டையா இருக்கணும். அப்போ அது காட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? கேள்வி இதுதான்.

ஒரு பெயின்ட் படலம் சாட்சி சொல்லுமான்னா, சொல்லும். ஒரு துளி சுரண்டி எடுத்து அகச்சிவப்புக் கதிர்ல வெச்சா எந்த வகைப் பிசின், எந்த நிறமின்னு தடயவியல் கூடத்துல சொல்லிடலாம். கிடங்குல இருக்கிற கட்டையோட பெயின்டோட ஒப்பிடலாம். படலத்துக்கு மேல எவ்வளவு அழுக்கு, கீழ எவ்வளவு, வெட்டுமுகத்து விரிசலுக்குள்ள பெயின்ட் இறங்கியிருக்கா, இல்ல பெயின்ட் காய்ஞ்சப்புறம் கட்டை வெடிச்சு பெயின்டும் சேர்ந்து வெடிச்சிருக்கா, இதெல்லாம் ஒரு லென்ஸ் வெச்சே பாக்கலாம். அதுக்கு ஒரே நிபந்தனை, பாக்குற வரைக்கும் அந்தக் குறியை யாரும் தொடாம வெச்சிருக்கணும்.